576 யார்டு எங்கே?

1989 டிசம்பர் 29, சான் டியேகோ. அமெரிக்கக் கல்லூரிக் கால்பந்தின் ஹாலிடே பௌல் ஆட்டத்தில் பிரிகம் யங் பல்கலைக்கழகக் குவாட்டர்பேக் டை டெட்மர் 59 முறை பந்தை வீசினார், 42 கைசேர்ந்தன, 576 யார்டு. பென் ஸ்டேட்டிடம் அவர் அணி 50-39 என்று தோற்றது. தோல்வியாவது போகட்டும், அந்த 576 அவருடைய கல்லூரிக் கணக்கிலேயே இல்லை. சீசன் முடிந்தபின் நடக்கும் பௌல் ஆட்டங்களைக் கல்லூரி விளையாட்டு அமைப்பான என்.சி.ஏ.ஏ. 2002-இல்தான் சேர்க்கத் தொடங்கியது. டெட்மர் பெயருக்கு எதிரே இன்றும் 15,031 யார்டுதான்.

மைதானத்தின் மேல்தளக் கண்ணாடி அறையில் கணக்கெழுதும் ஸ்கோரர்களுக்கு இதில் வியப்பு இருக்காது. ஒருவர் தொலைநோக்கியை இறக்காமல் சட்டை எண்களைச் சொல்ல, இன்னொருவர் கணினியில் ஏற்றுவார். எறிந்தவர், பிடித்தவர், வீழ்த்தியவர், பந்து நின்ற யார்டு எல்லாம் அடுத்த நகர்வு தொடங்குமுன் முடிந்தாக வேண்டும்.

அவர்களுக்குத் தலைவலி பக்கவாட்டில் போகும் பந்துதான். குறுக்கே ஓடிவரும் வீரரிடம் குவாட்டர்பேக் ஒரு சாண் முன்னால் தட்டிவிட்டால் அது பாஸ். அவர் 60 யார்டு ஓடினால் அறுபதும் குவாட்டர்பேக்குக்கு. அதே பந்து ஒரு சாண் பின்னால் போனால் அது வெறும் ஓட்டம், எறிந்தவருக்கு ஒன்றுமில்லை. மேலேயிருந்து பார்ப்பவர் கண்ணில் அந்த ஒரு சாண் எப்படித் தெரிந்ததோ அப்படியே ஏடும்.

நெஞ்சுக்கு நேராக வந்த பந்தைப் பிடிப்பவர் நழுவவிட்டாலும் அது தவறிய பாஸ். அவர் கையில் பட்டுத் தெறித்து எதிரணியிடம் போனால், இன்டர்செப்ஷன் எறிந்தவர் தலையில். நேரத்தை நிறுத்த வேண்டுமென்றே தரையில் அடிக்கும் ஸ்பைக்கூடத் தவறிய பாஸ்தான். கிரிக்கெட்டில் லெக்-பை பேட்ஸ்மேனுக்குச் சேராது. இங்கே அந்த நியாயமெல்லாம் கிடையாது. இன்னொரு விசித்திரம்: குவாட்டர்பேக் பந்தோடு பின்னால் வீழ்த்தப்பட்டால், கல்லூரிக் கணக்கில் அந்த யார்டுகள் அவருடைய ஓட்டத்திலிருந்து கழியும். தொழில்முறை லீக்கான என்.எஃப்.எல்.லில் கழிக்கும் இடமே வேறு. காலால் நன்றாக ஓடும் ஒருவர் கல்லூரி ஏட்டில் சோம்பேறியாகத் தெரிவது இதனால்தான்.

2018-இல் லூசியானா ஸ்டேட் அணிக்காக ஜோ பர்ரோ வீசியவற்றில் 57.8 சதவீதம் கைசேர்ந்தன, டச்டவுன் 16. மறு ஆண்டு 76.3 சதவீதம், டச்டவுன் 60. கை அதே கை. புதிதாக வந்த பயிற்சியாளர் ஜோ பிரேடி பாஸ் ஆட்டத்தை மாற்றினார். ஜாமார் சேஸும் ஜஸ்டின் ஜெபர்சனும் பிடித்தார்கள். அறுபதில் 38 அந்த இருவருடையவை. யார்டு, டச்டவுன், கைசேர்ந்த பாஸ் ஆகியவற்றைக் கூட்டி, இன்டர்செப்ஷனுக்குக் கழித்து, வீசிய எண்ணிக்கையால் வகுக்கும் என்.சி.ஏ.ஏ. சூத்திரத்தில் பர்ரோவுக்கு 202 வரும். பிரேடிக்கு அதில் கட்டமில்லை.

ஹூஸ்டன் பல்கலைக்கழகக் குவாட்டர்பேக் கேஸ் கீனம் விஷயம் இன்னும் கூர்மையானது. 2010-இல் முழங்கால் காயம். கூடுதலாக ஓராண்டு ஆட அனுமதி. 2011 முடிவில் 19,217 யார்டு, 155 டச்டவுன். அதற்குமுன் கல்லூரியின் மேல்மட்டப் பிரிவில் எவரும் தொடாத எண்கள். டெட்மருக்குக் கிடைக்காத பௌல் யார்டுகளும் அதில் அடக்கம். 2012 ஏப்ரலில் என்.எஃப்.எல். அணிகள் டிராஃப்டில் 253 பேரைத் தேர்ந்தெடுத்தன. கீனம் பெயரை யாரும் கூப்பிடவில்லை.