வாசலில் ஒரு பெயர்

உங்கள் வீட்டு வாசலில் யாருடைய பெயர் இருக்கிறது? ஒரு நிமிஷம் பத்திரிகையைக் கவிழ்த்து வைத்துவிட்டு, கதவைத் திறந்து பார்த்துவிட்டு வாருங்கள். நான் காத்திருக்கிறேன்.

பார்த்தாயிற்றா? வீட்டுக்காரரின் பெயர் இருந்திருக்கும். அல்லது பிள்ளையின் பெயர் இருந்திருக்கும். அதுவும் இல்லையென்றால் கட்டடக்காரர் ஒட்டிவிட்டுப் போன வெறும் எண் இருந்திருக்கும். விடியற்காலை பால் காய்ச்சுவது முதல் இரவு கதவைத் தாழ் போடுவது வரையில் அந்த வீட்டை நடத்துகிறவளின் பெயர் இருந்ததா? இருந்திருந்தால் என் வாழ்த்துக்கள். எங்கள் வீட்டில் இருக்கவில்லை.

எங்கள் வீடு திருவல்லிக்கேணியில் ஒரு குறுகலான தெருவில் இருந்தது. தெரு இன்னும் இருக்கிறது, வீடுதான் இல்லை. அந்த இடத்தில் இப்போது மாடி வீடுகள் எழும்பி நிற்கின்றன. மூன்றாவது மாடியில் ஒன்று அம்மாவுடையது. பழைய வீட்டு நிலையின் மேற்கட்டையில் 'முருகன் துணை' என்று ஓர் ஆசாரி உளியால் செதுக்கியிருந்தார். பக்கத்துச் சுவரில் பித்தளைப் பலகை. அதில் அப்பாவின் பெயரும், பி.ஏ., பி.எல். பட்டங்களும். வாரம் ஒரு முறை புளி போட்டு அதைத் தேய்த்துப் பளபளக்க வைப்பது அம்மாவின் வேலை.

வீட்டை இடித்த அன்று நான் அங்கே இருந்திருக்க வேண்டும். 'அந்தப் பலகையையும் நிலைக்கட்டையையும் மட்டும் எடுத்து வைத்துவிடு' என்று அம்மா சொல்லியிருந்தாள். எனக்கோ பத்திரிகைக் காரியாலயத்தில் அன்றைக்கு முடித்தே ஆகவேண்டிய கட்டுரை ஒன்று. சாயந்திரம் ஓடிப் போய்ப் பார்த்தால், பித்தளை, இரும்பு, மரம் எல்லாம் லாரியேறி எடைக்குப் போய்விட்டன! பக்கத்து வீட்டுச் சுவரில் சாய்ந்திருந்த ஒரே ஒரு நிலைக்கால்தான் தப்பியிருந்தது. அம்மா என்னை ஒரு வார்த்தை கடிந்து பேசவில்லை. பேசியிருந்தால் தேவலை என்று நான் எத்தனையோ நாள் நினைத்ததுண்டு.

புது வீட்டுக்குப் போன சில மாதங்களில் ஒரு சம்பவம் நடந்தது. பழைய தெருவிலே அம்மாவுக்கு ஒரு சிநேகிதி. எழுபத்தைந்து வயது, முழங்கால் வலி. ஒரு நாள் லிப்ட் ஓடவில்லை. அந்த அம்மாள் மூன்று மாடி ஏறி வந்து, ஒரே மாதிரியான நான்கு கதவுகளைப் பார்த்துத் திகைத்து, தவறான கதவைத் தட்டி, யாரோ ஒருவர் முகம் சுளித்தவுடன் திரும்பிப் போய்விட்டார். டெலிபோன் செய்து கேட்கலாமே என்பீர்கள். அந்தத் தலைமுறைக்கு டெலிபோன் செய்துவிட்டு ஒரு வீட்டுக்குப் போவதென்பது அவமானம்!

மறுநாள் செய்தி தெரிந்ததும் அம்மா வெகுநேரம் பேசாமல் இருந்தாள். நான் ஒரு முடிவுக்கு வந்தேன். தப்பிய அந்தத் தேக்குக் காலிலேயே ஒரு பெயர்ப்பலகை செய்து, தொலைத்த பலகைக்கு ஈடாக அப்பாவின் பெயரை வாசலில் மாட்டிவிடுவது.

உளி பிடிக்கும் ஆசாரியை முதலில் தேடினேன். அகப்பட்டவர் தம் கண்ணாடியைக் காட்டி, "பொடி எழுத்துக்கு இனிமேல் பார்வை போதாதம்மா. மெஷினில் கொடுங்கள்" என்று சொல்லிவிட்டார். அப்படித்தான் அம்மாவும் நானும், கோணியில் சுற்றிய நிலைக்காலும், அம்பத்தூர்ப் பக்கம் ஒரு பட்டறைக்குப் போய்ச் சேர்ந்தோம்.

ஸி.என்.ஸி. என்ற மூன்றெழுத்துக்குப் பயந்துவிடாதீர்கள். கம்ப்யூட்டர் கொடுக்கும் எண்களைக் கேட்டு நடக்கும் யந்திரம், அவ்வளவுதான். பார்வைக்கு ஒரு பெரிய கட்டிலைப் போல் இருக்கிறது. கட்டிலின் மேல் ஒரு பாலம் தலைமாட்டுக்கும் கால்மாட்டுக்குமாக நகர்கிறது. பாலத்தின் மேல் ஒரு மோட்டார் இடமும் வலமும் போகிறது. மேலும் கீழும் இறங்குகிறது. அதன் நுனியில் விரல் பருமனுக்கு ஒரு வெட்டுக் கருவி. பட்டறையில் 'பிட்' என்கிறார்கள். அது நிமிஷத்துக்கு 18,000 தடவை சுற்றுகிறது.

மார்கழி மாதத்தில் நீங்கள் புள்ளிக் கோலம் போடுகிறீர்கள் அல்லவா? இத்தனையாவது வரிசையில் இத்தனையாவது புள்ளி, அதிலிருந்து அடுத்த புள்ளிக்கு வளைவு என்று கை போகிறது. யந்திரம் செய்வதும் அதுவேதான். ஒரே வித்தியாசம், 'இந்தப் புள்ளியில் இவ்வளவு ஆழம்' என்று மூன்றாவதாக ஓர் எண்ணும் அதற்குச் சொல்ல வேண்டும்.

பட்டறைப் பையன் கெட்டிக்காரன். மரத்தை அறுப்பதற்கு முன்பு காந்தத்தால் அங்குலம் அங்குலமாகத் தடவினான். வண்ணத்துக்கு அடியில் ஒளிந்திருந்த நான்கு ஆணிகள் அகப்பட்டன. ஒரு துரும்பு ஆணி பட்டாலும் பிட் முறிந்து தெறித்துவிடுமாம். நிலைக்காலை நீளவாக்கில் இரண்டாகப் பிளந்தால், ஒரு பாதி கீல் குடைவும் தாழ்ப்பாள் துளையுமாக உபயோகமற்றது. மறு பாதியில், ஆறங்குல அகலமும் இரண்டடி நீளமுமாக ஒரே ஒரு நல்ல பலகை தேறும். தப்பு நேர்ந்தால் வேறு மரம் கிடையாது!

"முன்பக்கத்து வண்ணத்தைச் சுரண்டிவிட்டு அங்கேயே செதுக்கட்டுமா, அக்கா?" என்று பையன் கேட்டான்.

அம்மா அப்போதுதான் முதல் தடவையாக வாயைத் திறந்தாள். "வேண்டாம் தம்பி. அந்தப் பக்கத்தில் மஞ்சள் இருக்கிறது. அது பின்னால் அப்படியே இருக்கட்டும்" என்றாள்.

வெள்ளிக்கிழமைதோறும் அவள் நிலைக்குப் பூசிய மஞ்சள், வண்ணத்தின் மேல் ஒரு மங்கிய பட்டையாகப் படிந்திருந்தது. நான் அதுவரையில் கவனிக்கவேயில்லை.

பையன் கம்ப்யூட்டரில் அப்பாவின் பெயரை அடித்தான். 'கோ' என்று தொடங்கும் பெயர். செதுக்கும் பாதையை வகுக்கிற திரைக்குப் போனதும், ககரத்துக்கு முன்னால் நிற்க வேண்டிய இரட்டைக் கொம்பு அதற்குப் பின்னால் போய் நின்றுகொண்டது! நானும் பார்த்தேன், எழுதிப் பிழைக்கிறவள்தான், என் கண்ணுக்குப் படவில்லை. "நன்றாயிருக்கிறது, ஆரம்பிக்கலாம்" என்றுகூடச் சொல்லிவிட்டேன்.

"கொம்பு இடம் மாறியிருக்கிறதே?" என்றாள் அம்மா.

மரம் செதுக்கும் மென்பொருள்களில் பலவற்றுக்குத் தமிழ் எழுத்தைச் சேர்த்து எழுதத் தெரியாது என்பதை அன்றுதான் அறிந்தேன். வேறொரு மென்பொருளில் எழுதி, எழுத்தை எழுத்தாக வைக்காமல் வெறும் கோடாக மாற்றித்தான் யந்திரத்துக்குக் கொடுக்க வேண்டும். பையன் நாக்கைக் கடித்துக்கொண்டு அதைச் செய்யப் போனான்.

"தம்பி, கோடுதான் வேண்டுமென்றால் நான் காகிதத்தில் எழுதித் தருகிறேனே?" என்றாள் அம்மா.

அவன் ஒரு தடித்த பேனாவைக் கொடுத்தான். அம்மா நிதானமாக 'முருகன் துணை' என்று எழுதினாள். பையன் எட்டிப் பார்த்து, "கடைசி எழுத்து தப்பு, அம்மா" என்றான்.

அவன் மேல் குற்றமில்லை. அம்மா எழுதியது பழைய 'ணை'. தலைக்கு மேல் யானைத் தும்பிக்கை வளைந்து வருமே, அது. 1978-இல் தமிழ்நாடு அரசின் எழுத்துச் சீர்திருத்தம் வந்தபோது ணை, லை, ளை, னை நான்கும் தும்பிக்கையை இழந்தன. அதற்கு முன்பே பள்ளிக்கூடம் முடித்தவள் அம்மா. அவன் வைத்திருந்த அச்செழுத்துக்களில் அந்த வடிவம் ஒன்றிலும் இல்லை. மேற்கட்டையில் ஆசாரி செதுக்கியிருந்ததோ அதே தும்பிக்கைதான்.

"கீழே அப்பாவின் பெயரையும் நீயே எழுதிவிடு" என்றேன்.

அம்மா பேனாவை மூடிவிட்டாள்.

"ஏண்டி, அப்பாவைத் தேடிக்கொண்டு இனிமேல் யார் வரப்போகிறார்கள்? நாலு வருஷம் ஆகிவிட்டது. என்னைத் தேடி வருகிறவர்கள்தான் வழி தெரியாமல் திரும்பிப் போகிறார்கள்."

"அந்தப் பித்தளைப் பலகையை நான்..." என்று ஆரம்பித்தேன். தொண்டை அடைத்துக்கொண்டது.

"போனது போய்விட்டது. அதை நீ திரும்பச் செய்யவேண்டாம். நான்தானே இங்கே இருக்கிறேன்?" என்று சொல்லிவிட்டுப் பேனாவைத் திறந்து தன் பெயரை எழுதினாள்.

அப்பாவின் வக்கீல் கடிதங்களுக்கெல்லாம் மேலுறையில் விலாசம் எழுதியது அம்மாதான். எத்தனையோ வருஷம் அந்தக் கையெழுத்து ஊரெல்லாம் போயிற்று. ஆனால் ஒரு தடவையாவது தன் பெயரைச் சுமந்துகொண்டு போனதில்லை. இப்போது கை சிறிது நடுங்குகிறது. பெயரின் நடுவிலே ஒரு 'ங'. அதன் மூலை சற்றே கோணிப் போயிற்று. அந்த நடுக்கத்தோடேயே இருக்கட்டும் என்று நான் சொல்ல வாயெடுத்தேன். அம்மா முந்திக்கொண்டாள். "இந்த ஙவைக் கொஞ்சம் நேராக்கிவிடு தம்பி. கிழவி எழுத்து என்று எல்லோருக்கும் தெரிய வேண்டாம். தும்பிக்கையை மட்டும் தொடாதே!"

பையன் காகிதத்தைப் படம் எடுத்து, மையின் இரு ஓரங்களையும் கோடாக்கி, ஙவை நிமிர்த்தினான். பிறகு 'வி' வடிவக் கூர் வைத்த பிட்டை மாட்டினான். இதிலேதான் சூட்சுமம் இருக்கிறது. உருண்டையான பிட்டால் குடைந்தால் எழுத்தின் உள்மூலைகள் மழுங்கிப் போகும். 90 பாகைக் கூருள்ள பிட், கோட்டின் அகலத்துக்குத் தக்கபடி இறங்கி ஏறுகிறது. கோடு 6 மில்லிமீட்டர் அகலமானால் 3 மில்லிமீட்டர் ஆழம். 2 ஆக மெலிந்தால் ஆழம் 1. மூலைக்கு வந்ததும் மெல்ல மேலே ஏறிக் கூராக முடித்துவிடுகிறது. ஆசாரி உளியைச் சாய்த்துச் செய்த வேலை அது.

முதலில் மரத்தைத் தொடாமல் மேலேயே ஒரு சுற்று ஓட்டினான். "என்ன இது, காற்றில் எழுதுகிறதே?" என்றாள் அம்மா. "ஒத்திகை அம்மா" என்றான். பிறகு நிஜமாகவே இறங்கியது. கிறீச்சென்ற சத்தத்தோடு, இத்தனை வருஷமாக உள்ளே அடைபட்டிருந்த தேக்கின் வாசனை பட்டறை முழுவதும் பரவியது. அம்மா முகமூடியை மூக்குக்குக் கீழே இழுத்துவிட்டுக்கொண்டு மோந்து பார்த்தாள். மரத்தூள் மார்புக்கு ஆகாது என்று பையன் கண்டித்தான்.

யந்திரம் ஓடிக்கொண்டிருக்கட்டும், அதற்குள் அதன் பூர்வோத்தரத்தைச் சொல்லிவிடுகிறேன். 1940-களில் அமெரிக்காவில் மிச்சிகன் மாகாணத்தில் ஜான் பார்ஸன்ஸ் என்பவர் ஹெலிகாப்டர் இறக்கைகள் செய்துவந்தார். வளைவுகளைக் கண்ணால் பார்த்து வெட்டுவதைவிட, புள்ளி புள்ளியாக எண்களாலே யந்திரத்துக்குச் சொன்னால் என்ன என்று அவருக்குத் தோன்றியது. 1952-இல் மாஸசூஸெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில், காகித நாடாவில் துளையிட்டுக் கட்டளை கொடுத்து அப்படி ஒரு யந்திரத்தை ஓட்டிக் காட்டினார்கள். 1959-இல் அங்கே கூடிய பத்திரிகைக்காரர்களுக்கு, யந்திரம் தானே செதுக்கிய அலுமினியச் சாம்பல் கிண்ணம் ஒன்றைப் பரிசாகக் கொடுத்தார்களாம்! துளைகளால் கட்டளையிடும் யோசனையோ அதற்கும் மூத்தது. 1804-இல் பிரான்ஸில் ஜக்கார்டு தறிக்குக் காப்புரிமை பெற்றவர் அட்டைத் துளைகளாலேயே பூ வேலை நெய்தார். உங்கள் பட்டுப் புடவை முந்தானையில் ஜக்கார்டு வேலை இருந்தால், அது இந்த யந்திரத்துக்கு ஒன்றுவிட்ட அக்காள்.

நாற்பது நிமிஷத்தில் செதுக்கி முடிந்தது. தூளை ஊதிவிட்டு அம்மா விரலால் தும்பிக்கையைத் தடவினாள். அடியிலிருந்து மேலே போய், வளைந்து, திரும்பி வந்தது விரல். "சரியாக இருக்கிறது" என்றாள், வேறொன்றும் சொல்லவில்லை.

நீங்களும் செய்து பார்க்க விரும்பினால் அனுபவத்தில் கண்ட சில விஷயங்கள்: திரையில் தெரியும் பெயரை எழுத்து எழுத்தாக வாய்விட்டுப் படியுங்கள், வீட்டிலுள்ள பெரியவர் ஒருவரையும் படிக்கச் சொல்லுங்கள். மிக மெல்லிய எழுத்து வேண்டாம், ஆழம் விழாது. மழைச் சாரல் படும் வாசலானால் எம்.டி.எப். பலகை ஆகாது; ஊறி உப்பிவிடும். எழுத்துக்கு வண்ணம் தீட்டுவதானால், முதலில் பலகை முழுவதும் ஒரு பூச்சு வார்னிஷ் கொடுங்கள். இல்லாவிட்டால் வண்ணம் மரத்தின் ரேகையோடு பரவி எழுத்து மங்கிப் போகும். கூலி பெரும்பாலும் யந்திரம் ஓடும் நேரத்தைப் பொறுத்தது. ஆகையால் வேலையைத் தொடங்குமுன்பே பேசிக்கொள்ளுங்கள்.

பலகையை மாட்டிய மறு வெள்ளிக்கிழமை அந்தச் சிநேகிதி மறுபடியும் வந்தார். நான் உள்ளே இருந்தேன். மணி அடிக்கவில்லை, யாரோ வாசலில் நிற்கும் அரவம் மட்டும் கேட்டது. கதவைத் திறந்தேன். அந்த அம்மாள் கைத்தடியை ஊன்றிக்கொண்டு பலகையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"பேரைப் படிக்கவே வேண்டியிருக்கவில்லை. இப்படித் தும்பிக்கை போடுகிறவள் எங்கள் வகுப்பிலேயே அவள் ஒருத்திதான்" என்றார்.

அம்மாவின் பெயரைக் கடைசி வரையில் சொல்லவில்லையே என்று கேட்கிறீர்களா? அது இங்கே இருக்க வேண்டியதில்லை. வாசலில் இருக்கிறது. மூன்றாவது மாடி, வந்து படித்துக்கொள்ளுங்கள். டெலிபோன் செய்யாமலே வரலாம்.