இசப்கோலும் ஒரு தம்ளர் தண்ணீரும்

வாத்தியார் மலச்சிக்கலைப் பற்றி எழுதுகிறாரே என்று சிரிக்காதீர்கள்.

போன மாதம் டாக்டர் இசப்கோல் உமி சாப்பிடச் சொன்னார். ராத்திரி பாத்ரூமுக்கு எழுந்திருக்க வேண்டுமே என்ற பயத்தில், ஒரு ஸ்பூனை அப்படியே வாயில் போட்டு இரண்டு மடக்குத் தண்ணீர்தான் குடித்தேன். தொண்டையிலேயே ஊறிப் பசையாக அடைத்துக்கொண்டது. மூச்சு முட்டியது, பேச்சு வரவில்லை. என் வீட்டம்மா முதுகில் ஓங்கித் தட்டியதில்தான் பிழைத்தேன்.

தண்ணீரை இழுத்து உப்புவதுதான் அந்த உமியின் வேலையே. குடலில் உப்பினால் மலம் இளகும். முப்பது வருஷம் அறிவியல் எடுத்தவனுக்கு இது தெரிய வேண்டாமா!

இப்போது சாயங்காலமே பெரிய தம்ளர் தண்ணீரில் கலக்கி, கெட்டியாவதற்குள் குடித்துவிடுகிறேன். மாத்திரைகளுக்கு இரண்டு மணி நேரம் இடைவெளி. மூன்றாம் நாளே பலன் தெரிந்தது. விழுங்கச் சிரமப்படும் பெரியவர்களுக்கு டாக்டரைக் கேட்காமல் கொடுக்காதீர்கள்.

எங்கள் வீட்டு டப்பா இப்போது வீட்டம்மா பொறுப்பில்.