ராஜி என்னும் சொல்

சென்ற ஆவணித் திங்களில் ஊரிலிருந்து வக்கீலின் கடிதம் ஒன்று வந்தது. முன்சீப் கோர்ட்டில் ஆறாண்டுகளாக நடந்துவரும் நம் பாகப்பிரிவினை வழக்கை ராஜி செய்து முடித்துக்கொள்ளத் தமையனார் இசைந்துவிட்டார் என்றும், ராஜி மனுவின் நகலை இணைத்திருப்பதாகவும், கையொப்பமிட்டு அனுப்பினால் போதும் என்றும் அதில் கண்டிருந்தது. ஆறாண்டுப் பகை இரண்டெழுத்துச் சொல்லில் அடங்கிவிட்டதே என்னும் மகிழ்ச்சியோடு அக்கடிதத்தைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு அலுவலகம் சென்றோம்.

பக்கத்து மேசையில் அமர்ந்திருப்பவரை நாம் ‘தாதா’ என்று அழைப்பது வழக்கம். (ஊரில் இச்சொல்லைக் கேட்பவர்கள் திடுக்கிடுவார்கள். இங்கே அது தமையனைக் குறிக்கும் மரியாதைச் சொல்.) அவரிடம், “கேஸ் ராஜியாகிவிட்டது” என்றோம். அவருக்கு விளங்கவில்லை. வங்க மொழியில் ராஜி என்றால் சம்மதம், மனம் ஒப்புதல். மனிதர் ராஜியாகலாம், வழக்கு எவ்வாறு ராஜியாகும் என்பது அவருடைய ஐயம். அரபு மொழியில் பிறந்த ஒரே சொல், வங்கத்தில் நெஞ்சோடு தங்கிவிட, தமிழ்நாட்டில் கோர்ட்டுப் படியேறிவிட்டது. ‘ராஜிநாமா’ என்பதும் முற்காலத்தில் இசைவுப் பத்திரத்தையே குறித்தது. நாமோ அதனை வேலையை விட்டு விலகுவதற்கு ஆக்கிக்கொண்டோம். நாம் விலகுவதற்கு வைத்த பெயரை அவர்கள் சேர்வதற்கு வைத்திருக்கிறார்கள்.

அன்று மதிய உணவு வேளை முழுவதும் சொல்லாராய்ச்சியிலேயே கழிந்தது. நாம் பிணக்குத் தீர்வதைச் சமாதானம் என்கிறோம். அவர்களுக்குச் ‘சமாதான்’ என்பது கணக்கின் விடை. நமக்கு மீமாம்சை ஒரு தத்துவ நெறி. அவர்களோ குழாயடிச் சண்டை தீர்ந்தாலும் ‘மீமாங்ஷா’ ஆயிற்று என்பார்கள். சந்தி நமக்கு இலக்கணம், அவர்களுக்கு உடன்படிக்கையும் கூட. இவை போக ஆபோஷ், ரஃபா, மிட்மாட் என்று அவர் அடுக்கிக்கொண்டே போனார். நாமும் சளைக்காமல் உடன்பாடு, இணக்கம், இசைவு, சந்து செய்தல், விட்டுக்கொடுத்தல் என்று அடுக்கினோம்.

சமரசத்தை மட்டும் இவ்வரிசையில் வைக்க நமக்கு மனம் வரவில்லை. சம ரசம், அதாவது ஒத்த சுவை என்பது அதன் பொருள். 1865இல் வள்ளலார் தம் சங்கத்துக்குச் சமரச வேத சன்மார்க்க சங்கம் என்று பெயரிட்டபோது, பேரம் பேசி நடுவில் நிற்பதையா கருதினார்? ஆங்கிலத்தார் கூறும் காம்ப்ரமைஸ் வேறு. இலத்தீனில் அதன் வேர்ப்பொருள் ‘சேர்ந்து வாக்களித்தல்’. நடுவர் என்ன சொன்னாலும் கட்டுப்படுவோம் என்று இரு கட்சியாரும் முன்கூட்டியே ஒப்புக்கொள்வதை உரோமர் அச்சொல்லால் குறித்தனர். அதில் ஒத்த சுவைக்கு இடமில்லை. இருவர் வாயிலும் சிறிது கசப்பு மிஞ்சும்.

அக்கசப்பை ஏற்காதவர்களை இந்நகரம் பெரிதும் போற்றுகிறது. ‘ஆபோஷ் அற்ற போராட்டம்’ என்பது வங்க அரசியல் மேடைகளில் ஒரு புகழ்மொழி. 1940 மார்ச்சில் இராம்கரில் காங்கிரசு மகாசபை கூடியபோது, அதே ஊரில் சுபாஷ் சந்திர போஸ் சமரச எதிர்ப்பு மாநாடு என்ற பெயரிலேயே ஒரு மாநாட்டைத் தலைமை தாங்கி நடத்தினார். மறு ஆண்டு சனவரியில் எல்கின் சாலை இல்லத்திலிருந்து அவர் மறைந்து வெளியேறியதை அறியாதார் இல்லை. சியாம்பசார் ஐந்துமுனைச் சந்திப்பில் குதிரை மீதமர்ந்த அவர் சிலையைக் கடக்குந்தோறும், நாமும் இந்த ஆறாண்டுகளாக ஒரு வகையில் ஆபோஷ் அற்றவர்தாம் என்று உள்ளூரப் பெருமை கொண்டதுண்டு. ஒன்றரைக் கிரவுண்டு வீட்டுக்காக அப்பெருமையைக் கொண்டாடியதை நினைத்தால் இப்போது நாணமாக இருக்கிறது.

நம்மைப் போன்ற மைய அரசு எழுத்தர்களின் அன்றாடப் பிழைப்பே ஓர் உடன்பாட்டின் மேல் நடப்பது. 1949 செப்டம்பர் 14 அன்று அரசியல் நிர்ணய சபை ஏற்ற மொழி ஏற்பாடு, தஞ்சைத் தரணியில் பிறந்த என். கோபாலசாமி ஐயங்காரும் குஜராத்தைச் சேர்ந்த கே. எம். முன்ஷியும் சேர்ந்து வகுத்தது. தேவநாகரி எழுத்தில் இந்தி, உடன் பதினைந்து ஆண்டுகளுக்கு ஆங்கிலம் என்பது அதன் சாரம். எண்களைப் பற்றித்தான் பெரும் பூசல் எழுந்தது. முடிவில் 1, 2, 3 என்று நாம் எழுதுபவை ‘இந்திய எண்களின் சர்வதேச வடிவம்’ என்ற பெயரோடு உள்ளே வந்தன. பெயரிலேயே இரு கட்சிக்கும் இடம் தந்த சாமர்த்தியத்தை வியக்காமல் இருக்க முடியாது. ஆயினும் தவணை முடிந்த 1965இல் தமிழ்நாடு கொந்தளித்தது. 1967இல் சட்டம் திருத்தப்பட்டது. 1976இன் ஆட்சிமொழி விதிகள் தமிழ்நாட்டுக்கு மட்டும் பொருந்தா என்று விலக்கப்பட்டன. சபையில் பேசியவர்கள் உடன்பட்டார்கள். அங்கே பேச இடமில்லாதவர்கள் பின்னர்த் தெருவில் பேசினார்கள்.

இதனைத் தாதாவிடம் விரிவாக எடுத்துரைத்துவிட்டு, பெருமிதத்தோடு ராஜி மனுவை அவருக்கு மொழிபெயர்த்துக் காட்டினோம். வீடும் கிணற்றடியும் தமையனாருக்கு. வாய்க்கால் கரை நிலமும் கொஞ்சம் ரொக்கமும் நமக்கு. நான்காம் பத்தியில், ‘இரண்டாம் பிரதிவாதி தமது மூன்றில் ஒரு பங்கைத் தம் மக்கள் இருவருக்கும் விட்டுக்கொடுத்து’ என்றொரு வரி இருந்தது. இரண்டாம் பிரதிவாதி நம் தாயார். தந்தையார் காலமான பின் இங்கே நம்மோடுதான் இருக்கிறார்.

தாதா மனுவை மடித்துத் திருப்பித் தந்து, “மா ராஜி தோ?” என்று கேட்டார். அம்மாவுக்குச் சம்மதந்தானே என்பது பொருள்.

நம்மிடம் விடை இல்லை. நகல் வந்து மூன்று நாளாகியும் தாயாரிடம் நாம் அதைப் படித்துக் காட்டியிருக்கவில்லை. ஆறாண்டுகள் சண்டையிட்டவர்கள் இருவர், விட்டுக்கொடுத்தவர் மூன்றாமவர். அதுவும் வக்கீலின் தட்டச்சில், அவர் அறியாமலே. உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 23ஆம் கட்டளை 3ஆம் விதிப்படி இராஜி எழுத்தில் அமைந்து கட்சிக்காரர்கள் கையொப்பமிட வேண்டும். அவ்வாறு பிறக்கும் தீர்ப்பாணைக்கு மேல்முறையீடு கிடையாது. நாம் நீட்டியிருந்தால் அவர் கண்ணாடியைக்கூடத் தேடாமல் கையெழுத்திட்டிருப்பார் என்பதும் நமக்குத் தெரியும்.

அன்று மாலை வீட்டுக்கு வந்து மனு முழுவதையும் படித்துக் காட்டினோம். நான்காம் பத்தியை இருமுறை படித்தோம். தாயார் பங்கைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை.

“ஏன்டா, கிணற்றடி யார் பங்கில் போகிறது?” என்றார்.

தமையனார் பங்கில் என்றோம்.

“அப்போ துளசிக்குத் தண்ணீர் ஊற்ற அவனைக் கேட்டுக்கொண்டுதான் போகணுமா?”

அன்றிரவே நான்காம் பத்தியை நீக்குமாறு வக்கீலுக்கு எழுதினோம். அவருக்கு வருத்தம், கனிந்து வந்த காரியத்தைக் கெடுக்கிறீர்கள் என்று பதில் வந்தது. வழக்குக்கு வாய்தா வாங்கியாயிற்று. நம் இல்லத்தாரோ, இது ஏழாம் ஆண்டு என்று நினைவூட்டினார்.

வேறு வழியின்றித் தமையனாருக்கு நாமே தொலைபேசியில் பேசினோம், ஆறாண்டுகளுக்குப் பின். நம் குரலைக் கேட்டுச் சற்று நேரம் அவர் ஒன்றும் சொல்லவில்லை. நான்காம் பத்தியைப் பற்றிச் சொன்னோம். அதற்கும் மறுமொழி இல்லை. பிறகு, “அம்மா பக்கத்தில் இருக்கிறாளா?” என்றார். தொலைபேசியைத் தாயார் கையில் கொடுத்துவிட்டு நாம் எழுந்து வெளியே சென்றோம்.