வைரத்துக்குள்ள ஒரு ஓப்பனிங் பேலன்ஸ்

பி.காம் படிக்கிறவனுக்கு வைரம்னா கேரட், நிறம், வெட்டு, தெளிவு. உள்ளே ஒரு தூசி இருந்தா விலை சரியும். அந்தத் தூசிக்காகவே கல்லைத் தேடற கூட்டம் ஒண்ணு இருக்குன்னு படிச்சதுலேர்ந்து மூணு நாளா வேற எதுவும் ஓடலை. (அடுத்த வாரம் காஸ்ட் அக்கவுன்டிங் பரிட்சை. ஹி ஹி.)

விஷயம் இதுதான் மக்களே. ஹீலியத்தில ரெண்டு வகை. பூமிக்குள்ள இருக்கற ஹீலியம்-3 பெரும்பாலும் பூமி உருவானப்போ மாட்டிக்கிட்டது. நம்ம பாஷையில ஓப்பனிங் பேலன்ஸ். ஹீலியம்-4, யுரேனியமும் தோரியமும் சிதையச் சிதைய வருஷா வருஷம் ஏறற வட்டி. வைரமோ இறுக்கமான பெட்டி. 150 கிலோமீட்டர் ஆழத்தில மாட்டின வாயுவை லேசில வெளியே விடாது. ரெண்டு ஹீலியத்தோட விகிதத்தைப் பார்த்தா பழைய கணக்கு தெரியும்.

1983ல டோக்கியோ பல்கலைக்கழகத்து மினோரு ஓசிமாவும் சாஷுவும் வைரங்களை வெற்றிடத்தில 2000 டிகிரி வரைக்கும் சுட்டாங்க. வைரம் கிராஃபைட்டா மாறி வாயுவைக் கக்கிடும். (நகைக்கடை அண்ணாச்சி பார்த்தா அழுதுடுவார்.) சில கல்லுல ஹீலியம்-3 விகிதம் காத்துல இருக்கறதைப் போல 200 மடங்குக்கும் மேல! பூமி பிறந்தப்போ இருந்த வாயுன்னு எழுதினாங்க.

1987ல ஆடிட்டர் வந்தார். வாரணாசியில பிறந்த தேவேந்திர லால், காஸ்மிக் கதிர் ஆராய்ச்சியில பெரிய கை. ஜயர் நாட்டு (இன்னிக்கு காங்கோ ஜனநாயகக் குடியரசு) ஆத்து வண்டல் வைரங்கள்ல பெரிலியம்-10 இருக்குன்னு அவர் குழு காட்டுச்சு. அதோட அரை ஆயுள் சுமார் 14 லட்சம் வருஷம்தான். ஆழத்திலேர்ந்து வந்ததா இருந்தா எப்பவோ காணாம போயிருக்கணும். ஆக, கல் மேலே வந்து கிடந்தப்போ காஸ்மிக் கதிர் கார்பனை உடைச்சு உண்டாக்கினது அது. அதே அடியில ஹீலியம்-3யும் பிறக்கும். பழைய கணக்குன்னு நினைச்சதில புது என்ட்ரி!

ஓசிமா அளந்த நம்பர் தப்பில்லை, எந்தத் தலைப்பில எழுதறதுங்கறதுதான் சண்டை. எனக்கு இந்த இடம்தான் ரொம்பப் பிடிச்சது.

அதனால இப்பல்லாம் சுடறதுக்குப் பதிலா நசுக்கறாங்க. தூசிக்குள்ள இருக்கற வாயு வெளியே வரும், கதிர் அடிச்சு உண்டானது பெரும்பாலும் கல்லுலயே தங்கிடும். 2019ல ஆஸ்திரேலிய தேசியப் பல்கலைக்கழகத்து சூசெட் டிம்மர்மன் குழு பிரேசிலோட ஜுயினா வைரங்களை அப்படித்தான் பார்த்தாங்க. 410லேர்ந்து 660 கிலோமீட்டர் ஆழத்துச் சரக்கு. ஆதிகால ஹீலியத்தோட அடையாளம் அதில நிஜமாவே இருந்துச்சு.

இதை விளக்கி முடிச்சதும் பக்கத்து பெஞ்சுக்காரன் கேட்டான்: "நசுக்கின தூளுக்கு ஸ்கிராப் வேல்யூ எவ்ளோடா போடுவாங்க?"