சின்னத் தாத்தாவின் வித்தை

எங்கள் பாட்டனார் 1942-ஆம் வருஷம் 'வெள்ளையனே வெளியேறு' இயக்கத்தில் சிறை புகுந்தவர். அவருடைய தம்பியோ அதே காலத்தில் ராயக்கோட்டையை விட்டுப் பெங்களூர் சென்று, மதராஸ் ஸாப்பர்ஸ் படையில் சேர்ந்தார். குடும்பத்தில் அண்ணனைப் பற்றி ஓயாத பேச்சு. தம்பியைப் பற்றி மௌனம். மிஞ்சினால், "வெள்ளைக்காரன் டாங்கிக்கு ரோடு போட்டவர்தானே!" என்பார்கள்.

சென்ற கோடை விடுமுறையில் சின்னத் தாத்தாவின் தகரப் பெட்டியைத் திறந்தேன். பழுப்பேறிய ராணுவப் புத்தகத்தில், பிரிட்டிஷ் டாங்கிப் படையுடன் பயிற்சி பெற்றதாக ஒரே ஒரு வரி இருந்தது. அதன் பொருளை அறியச் சரித்திர நூல்கள் பலவற்றைப் புரட்ட வேண்டியதாயிற்று.

டாங்கி எங்கும் தானே போய்விடும் என்று நாம் நினைக்கிறோம். உண்மையில் அது சேற்றில் புதையும். பலமற்ற பாலத்தை முறிக்கும். முன்னே சென்று அதற்கு வழி வகுப்பதே ஸாப்பர்களின் தொழில்.

பெட்டியில் பர்மா நட்சத்திரத்தின் அருகே, காஷ்மீர்ப் போருக்குரிய பதக்கமும் கிடந்தது. 1948 நவம்பர் 1-ஆம் தேதி, 11,000 அடிக்கும் மேலான ஸோஜி லா கணவாயில் இந்திய டாங்கிகள் தோன்றி எதிரியைத் திகைக்க வைத்தன. 1944-இல் இம்பாலில் போரிட்ட 7-வது இலகு குதிரைப் படையின் ஸ்டூவர்ட் டாங்கிகள் அவை. பனிமலையில் அவற்றுக்குப் பாதை செப்பனிட்டவர்கள் மதராஸ் ஸாப்பர்கள்! லடாக்குக்கு வழி பிறந்தது.

கற்பித்தவன் கப்பலேறிவிட்டான், வித்தை நம்மிடம் தங்கிற்று. அண்ணன் சிறையிருந்து தேடிய சுதந்திரத்தை, தம்பி மண்வெட்டி பிடித்துக் காத்தார். இருவரும் செய்தது தேச சேவைதான்.