டிரான்ஸ்பர் வாங்க முடியாதவர்கள்

திருநெல்வேலியில் திருச்செந்தூர் பாசஞ்சர் ஏறினால் 30 கி.மீ. சொச்சத்தில் ஆழ்வார்திருநகரி. தாமிரபரணியில் ஒரு முங்கு முங்கிவிட்டுக் கோயிலுக்குள் நுழைந்தால், பெருமாளுக்குச் சமமாக மரியாதை வாங்கும் ஒரு புளியமரம். நம்மாழ்வார் 16 வருஷம் இதனடியில் உட்கார்ந்திருந்தாராம். சாதாரணப் புளியமரம் ராத்திரி ஆனால் இலையை மூடிக்கொண்டு தூங்கிவிடும். (நம் ஆபீஸில் சிலருக்கு இது மத்தியானமே நடக்கும்.) இந்த மரம் தூங்காது என்பது ஐதீகம். பெயரே உறங்காப்புளி.

மரத்துக்கு மதில் உண்டு, மேடை உண்டு, பூஜை உண்டு. நகர முடியாத ஜீவனுக்கு இப்படி நாலு பேர் காவல் இருந்தால்தான் பிழைப்பு. காவல் கிடைக்காதவர்களைப் பார்க்கக் கடல் பக்கம் போக வேண்டும்.

வழியில் கொற்கை. பாண்டியர்களின் முத்துத் துறைமுகம். இப்போது வயலும் வாழையும்தான். "கடல் எங்கே அண்ணாச்சி?" என்றால், "அது அங்கிட்டு போயிட்டுல்லா!" என்று கிழக்கே கை காட்டுவார்கள். தாமிரபரணி கொட்டிய வண்டலில் கடல் ஆறேழு கி.மீ. பின்வாங்கிவிட்டது. துறைமுகம் சும்மா இருக்குமா? பெட்டி படுக்கையோடு பழையகாயலுக்கு மாறியது. 13-ம் நூற்றாண்டில் மார்க்கோ போலோ எழுதியது அந்த ஊரைப் பற்றித்தான். அதுவும் தூர்ந்துபோக, அடுத்த டிரான்ஸ்பர் தூத்துக்குடிக்கு.

முத்துச்சிப்பிக்கு இந்தச் சௌகரியம் கிடையாது. குஞ்சாக மூணு வாரம் போல நீரோட்டத்தில் மிதக்கும். அப்புறம் 'பார்' என்கிற கடலடிப் பாறையைப் பிடித்து, தன் நூலாலேயே தன்னைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்துவிடும். பாரை மணல் மூடினால் கதை முடிந்தது. எழுந்து போக முடியாது.

1955 முதல் 1961 வரை தூத்துக்குடியில் தொடர்ந்து முத்துக்குளிப்பு நடந்தது. அதோடு சரி. அதற்கப்புறம் குளிக்கிற அளவுக்குச் சிப்பி சேரவே இல்லை. 1973-ல் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தார் இங்கேயே வளர்ப்பு முத்து எடுத்துக் காட்டினார்கள். குஞ்சு பொரிக்கவைத்துப் பாரில் விட்டும் பார்த்தார்கள். பழைய கூட்டம் திரும்பவில்லை.

பவளமும் இதே ஜாதிதான். உட்கார்ந்த இடத்தை விட்டு அசையாது. சுண்ணாம்புக்காக வருஷக்கணக்கில் அதை வெட்டினோம். அலையைத் தடுக்க ஆளில்லாமல் தூத்துக்குடிக்கு எதிரே வான் தீவு கரைந்தது. மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளில் இரண்டு ஏற்கெனவே ஜலசமாதி. மிச்சப் பவளத்தை 2010-லும் 2016-லும் கடல்சூடு வெளுக்க வைத்தது.

ஒரு நல்ல சேதியும் உண்டு. 2015 கடைசியிலிருந்து வான் தீவைச் சுற்றிக் கான்கிரீட் பாறைகளை இறக்கினார்கள். அலை அடங்கி மணல் சேர ஆரம்பித்தது. மீனும் வந்தது. புளியமரத்துக்கு மேடை கட்டினது போலத்தான், கொஞ்சம் லேட்!

சென்னைக்குத் திரும்ப ராத்திரி ரயில் இருக்கிறது. பெயர் முத்துநகர் எக்ஸ்பிரஸ். பெர்த் கன்ஃபர்ம் ஆகிவிடும். முத்துக்குத்தான் 1961-லிருந்து வெயிட்டிங் லிஸ்ட்.