வெண்மணியைப் பிள்ளைகளுக்கு எப்படிச் சொல்வது?

அம்பத்தூரில் எங்கள் தெருப் பிள்ளைகளுக்கு அவ்வப்போது கதை சொல்வேன். டிசம்பர் வந்தால் கீழ்வெண்மணியைச் சொல்ல வேண்டும் என்று தோன்றும். 1968 டிசம்பர் 25 இரவு, அந்த ஊரில் தலித் விவசாயக் கூலிகளின் குடும்பத்தினர் 44 பேர் ஒரே குடிசைக்குள் எரிக்கப்பட்டார்கள். பெரும்பாலும் பெண்களும் குழந்தைகளும். பத்து வயதுப் பிள்ளையிடம் இதை எங்கிருந்து தொடங்குவது?

1921இல் அமெரிக்காவின் டல்சாவில் கறுப்பின மக்கள் கொல்லப்பட்டதைப் பற்றி கரோல் பாஸ்டன் வெதர்ஃபோர்ட் ஒரு படப் புத்தகம் எழுதியிருக்கிறார். அதில் எடுத்த எடுப்பில் நெருப்பு இல்லை. கடைகள், பள்ளி, தியேட்டர் என்று ஊர் செழித்திருந்ததுதான் முதலில் வருகிறது.

வெண்மணிக்கும் இதே வரிசை பொருந்தும். முதலில் நடவு, அறுப்பு, களத்தில் கூலி நெல் அளக்கும் மரக்கால். அடுத்து, கூலியைக் கூட்டிக் கேட்டது, செங்கொடி ஏற்றியது. தீக்கு ஒரு வரி போதும், கருகிய உடல்களை வர்ணிக்க வேண்டாம். ஆனால் யார் வைத்தார்கள், ஏன் வைத்தார்கள் என்பதில் மழுப்பல் கூடாது. சாதியைச் சொல்லியே ஆக வேண்டும். 1973இல் உயர் நீதிமன்றம் குற்றம் சாட்டப்பட்ட நிலக்கிழார்களை விடுவித்ததையும்தான்.

“ஏன் விட்டாங்க?” என்று எந்தப் பிள்ளையும் கேட்கும். சமாதானம் சொல்லி அந்தக் கேள்வியை மூடிவிடாதீர்கள்.

சிறுவர்களுக்காக இப்படி எழுதப்பட்ட தமிழ்ப் புத்தகம் இருந்தால் சொல்லுங்கள், வாங்கிக்கொள்கிறேன்.